அந்தோனியாரிடம் கேட்கக் கூடாதது

வலன்ரைனுக்கு ஓரிடத்தில் குந்தியிருக்க வராது. கொட்டாஞ்சேனையில் தன் ஒற்றை அறை வீட்டுக்குள் லத்தீன் இலக்கணப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சுவருக்குச் சுவர் நடப்பான். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுப் போன மறுவருஷம் அது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இருட்டடிப்புக்காக ஜன்னலில் கறுப்புத் துணி. அந்தப் புழுக்கத்தில் இவன் 'தோமினுஸ், தோமினே' என்று முணுமுணுத்து நடக்க, மனைவி புளோறன்ஸுக்குத் தலை சுற்றும்.

“என்னப்பா, ஒரு இடத்தில இருந்து படிக்கேலாதே?”

“இருந்தா மறந்துபோகும்.”

துறைமுகத்தில் கப்பலேறும் சாமான்களை எண்ணிக் குறிப்பது அவன் வேலை. லண்டன் மெற்றிக்குலேஷன் பாஸ் பண்ணினால் கந்தோருக்குள் கிளார்க் கதிரை கிடைக்கும், தலைக்கு மேல் விசிறி சுற்றும். இல்லையென்றால் சாகும்வரை வெயில்தான். இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் லத்தீன் காலை வாரிவிட்டது. அதிலும் அந்த இரண்டாம் வகைப் பெயர்ச்சொற்கள்! 'உஸ்' என்று முடிந்தால் ஆண்பால் என்று சட்டம் போட்டுவிட்டு, அதை மீறுவதற்கென்றே சில சொற்களை வளர்த்து வைத்திருந்தார்கள் ரோமாபுரிக்காரர்கள். நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் தன் புத்திக்கு ஏற்ற ஒரு வழியைப் பிடித்தான். நிலத்தைக் குறிக்கும் 'ஹூமுஸ்' பெண்பால். நிலத்தைத் தாய் என்கிறோம், சரிதானே. கடவுளைக் குறிக்கும் 'தேவுஸ்' பன்மையில் தாறுமாறாக வரும். கடவுள் ஒருவரே, பன்மை எதற்கு? அந்தப் பக்கத்தைப் படிக்காமலே விட்டான். கடலைக் குறிக்கும் 'பெலகுஸ்'? கடலரசன், சமுத்திரராசன் என்று சொல்லிப் பழகிய வாய். ஆண்தான், சந்தேகமே இல்லை.

மூன்றாம் தரம் எழுதிய சோதனையில் லத்தீனுக்கு மொழிபெயர்க்க வந்த பந்தி முழுவதும் கடலாக இருந்தது. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமலே புத்தகத்தைப் புரட்டினான். பெலகுஸ் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, வெறும் அஃறிணை. தமிழிலும் கடல் 'அது'தானே என்று அப்போதுதான் உறைத்தது. வரிக்கு வரி கடல், வரிக்கு வரி பிழை. அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

விடைத்தாள் பெட்டி, அரக்கு முத்திரையோடு, அவன் கண் முன்னாலேயே லண்டன் கப்பலில் ஏறியது. எண்ணிக் குறித்ததும் அவன்தான். அதே கப்பலில் சமையல் வேலைக்கு ஏறினான் பதியுதீன், கூட வேலை செய்யும் ஸாலிஹின் தம்பி. “ஒங்களுக்கு லண்டன் தொப்பி ஒண்டு கொண்டு வாறேன்” என்று கப்பல் படியில் நின்று கத்திவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை வலன்ரைன் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஓடினான். காணாமற் போனதைக் கண்டெடுத்துக் கொடுப்பதில் பேர்போன புனிதர். சாவி, மோதிரம், ஓடிப்போன ஆடு என்று ஊரே அவரிடம் கேட்கும். எதையாவது தொலைத்துவிடும்படி அவரிடம் யாரும் கேட்டதில்லை. இவன் கேட்டான். மெழுகுதிரி கொளுத்தி, “சுவாமி, அந்தப் பெட்டி மட்டும் போய்ச் சேரவேண்டாம்” என்றான். நடுக்கடலில் பெட்டி மட்டும் தனியாகத் தொலையாது என்பது அந்த மடையனின் மூளைக்கு எட்டவில்லை.

கப்பல்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று துறைமுகமெங்கும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதனால் செய்தி முதலில் வீட்டுக்குத்தான் வந்தது. விடைத்தாள்கள் கடலில் அழிந்துவிட்டன, மறுபடி சோதனை எழுதலாம் என்று அறிவித்தல். புளோறன்ஸுக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களே, அந்தோனியார் கைவிடேல்லை!”

அவள் சொல்லி முடிக்குமுன் அவன் தெருவில் இறங்கியிருந்தான்.

துறைமுகத்தில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஸாலிஹ் உட்கார்ந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. மூழ்கிய கப்பலில் இருந்தவர்களில் சிலரை வேறொரு கப்பல் தூக்கியதாம். பேர்கள் இன்னும் தெரியவில்லையாம்.

“மச்சான், ஒங்கட அந்தோனியார் காணாமப் போனதெல்லாம் கண்டுபிடிச்சித் தருவாராமே. தம்பிக்காக ஒரு வார்த்த கேளுங்களேன். நானும் வாறேன்.”

வலன்ரைனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

கோயிலில் ஸாலிஹ் அவன் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் ஏந்தினான். வலன்ரைன் மெழுகுதிரியை எடுத்தான். பற்றவைக்கவே நேரம் எடுத்தது. பிறகு, பக்கத்தில் ஆள் நிற்பதையும் மறந்து, வாய்விட்டே கேட்டான்.

“சுவாமி, பதியுதீனைக் கண்டெடுத்துத் தாரும். நான் தொலைக்கச் சொன்ன பெட்டியையும் திருப்பித் தாரும், என்ர பிழையோட. நான் பெயிலாப் போறன்.”

ஸாலிஹின் கைகள் மெல்ல இறங்கின.

“எந்தப் பெட்டி, மச்சான்?” என்று கேட்டான்.