கரைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும் பேட்டரி

தேங்காய் வாங்குகிறவளைப்போல் பேட்டரியை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறாள் வடிவு. தட்டிவிட்டுக் காதை அதன்மேல் வைக்கிறாள். உள்ளே என்ன கேட்கிறது என்று யாராவது விசாரித்தால், "ஒண்ணும் கேக்காது. கேட்டாதான் பயம்" என்பாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி, கரைச்சேற்றில் வழுக்காமல் பக்கவாட்டில் அடி வைத்துப் போய் படகில் இறக்குவாள்.

தாமல் ஏரியை மீன் சங்கம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. ஏதோ ஒரு திட்டத்தில் சங்கத்துக்கு ஃபைபர் படகு ஒன்றும், அதன் வாலில் மாட்டிக்கொள்ளும் சின்ன மோட்டாரும் வந்தன. பேட்டரியில் ஓடுவது, புகை கிடையாது, சத்தம் கிடையாது, மீன் மிரளாது. ஓட்டிக் காட்ட வந்தவர் "யார் கத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீன் பிரித்துக்கொண்டிருந்த வடிவு கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்று பிடித்த கைப்பிடியை இன்றுவரை விடவில்லை.

நாற்பதைத் தாண்டிய உடம்பு. புடவைக்குமேல் புருஷன் தாவீதின் பழைய முழுக்கைச் சட்டை. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு "இன்னாவோ" போட்டுக்கொள்வாள். தனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயத்துக்கும் போடுவாள். பேட்டரியின் சிவப்பு ஒயருக்கு மாமியார் என்றும் கறுப்பு ஒயருக்கு மருமகள் என்றும் பெயர் வைத்திருக்கிறாள். "ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி இடிச்சிக்கினா பொறி பறக்கும்பா."

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரே கவலைதான், கலங்கல். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடம் அது. மீன் தண்ணீரோடு போய்விடாமல் குறுக்கே வலை கட்டியிருக்கிறார்கள். தழையும் சருகும் வந்து வலையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தள்ளித் தள்ளி வலை பிய்ந்துவிடும். தினமும் போய்த் தழையை எடுத்தாக வேண்டும். போன மழைக்கு முன்னால் படகோடு வந்த பேட்டரி செத்துப்போனது. காஞ்சிபுரத்தில் கார், ஆட்டோவுக்குப் பேட்டரி விற்கும் மணிவண்ணன் கடையில் புதிது வாங்கினார்கள்.

குழப்பம் அங்கே தொடங்கியது. சில நாள் பேட்டரி சிட்டாகப் பறந்தது. பிறகு ஒரு காலை, பாதி ஏரியில் மோட்டார் முனகிக்கொண்டே நின்றது. துடுப்பு போட்டுக் கரைக்கு வந்து மறுபடி முடுக்கினாள். ஓடியது. மறுநாளும் அதே கதை. கரையில் மோட்டாரின் சார்ஜ் மீட்டர் முழுசாகக் காட்டும். தண்ணீர் நடுவில் மயக்கம் போட்டுவிடும். கரையேறினால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்காரும்.

தாவீது மோட்டாரில் பாசி சுற்றியிருக்கும் என்றான். பாசி இல்லை. காற்று எதிர்த்து அடிக்கிறது என்றான். காற்றும் இல்லை. "யோவ், பேட்டரிக்குத் தண்ணின்னா பயமாயா?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள். அவனும் நிஜமாகவே யோசித்தான்.

பேட்டரியைப் பேருந்தில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். மணிவண்ணன் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சூப்பரா இருக்குதும்மா. ஒரு கொறையும் இல்ல."

"இங்க நல்லாத்தான் சார் கீது. ஏரிக்குப் போனா செத்துப்போவுது."

"நீ சார்ஜு சரியா ஏத்த மாட்ற."

பேட்டரியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மூன்று தடவை இப்படிப் போய் வந்தாள். கடைசித் தடவை பேருந்து நடத்துநரே, "இன்னாமா, இதுக்கும் டிக்கெட் எடுக்கலாம்போல" என்றார்.

சங்கத் தலைவர் பஞ்சாட்சரம் பொறுமை இழந்தார். கடைக்காரர் நல்ல பேட்டரி என்கிறார். அப்படியானால் ஓட்டுகிறவளிடம்தான் கோளாறு. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "வடிவு, தப்பா நெனச்சிக்காத. இந்த மாசத்தோட மோட்டார வேற ஆள் கையில குடுத்துடலாம்" என்றார். தான் என்ன தப்பு செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செய்கிறோமோ என்றுகூடத் தோன்றியது. அன்று சாப்பிடும்போது சோற்றில் குழம்புக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் கடைக்குப் போனவள் பேட்டரியைக் கொண்டுபோகவில்லை. "சார், இந்தத் தபா நீங்க வாங்க. அது சாவறத நீங்களே கண்ணால பாருங்க" என்று வாசலிலேயே நின்றாள். வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்திலோ, தன் பேட்டரிமேல் இருந்த நம்பிக்கையிலோ, மணிவண்ணன் கிளம்பி வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கைப்பேசியை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தார். நீச்சல் தெரியாது என்பதைக் கரை எட்டிப்போன பிறகுதான் சொன்னார்.

நடு ஏரியில் மோட்டார் முனகியது. மீட்டரில் எண் படிப்படியாக இறங்கி, மோட்டார் நின்றது. மணிவண்ணன் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

"ஏறுதே! சும்மா கெடக்கும்போது எப்டிம்மா ஏறும்?"

"அதான் சார் நானும் கேக்கறேன்!"

அதற்குள் படகு தானாகத் திரும்பியிருந்தது. கலங்கலில் தண்ணீர் வழிகிற இரைச்சல் கேட்டது. படகு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மணிவண்ணன் படகின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டார். வடிவு துடுப்பை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டாள். தோள் இற்றுப்போகும்வரை போட்டு, தண்ணீர் தேங்கி நிற்கும் கோரைப்புல் பக்கம் படகைச் சொருகினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

அங்கிருந்தே மணிவண்ணன் தமக்குச் சரக்கு அனுப்பும் தினேஷுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்தக் கார் சார்?" என்றது தினேஷின் குரல்.

"கார் இல்லபா, படகு."

"படகா? காஞ்சிபுரத்துல ஏது சார் கடலு?"

"ஏரிபா! ஏரி நடுவுல நின்னுக்கினு கீறேன், சீக்கிரம் சொல்லு!"

தினேஷ் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான். கார் பேட்டரி என்பது ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓய்வெடுப்பது. மணிக்கணக்காக இழுக்கும் வேலைக்கு அது ஆகாது. இழுக்கச் சொன்னால் உள்ளுக்குள் தேய்ந்துபோகும். சும்மா விட்டால் கொஞ்சம் தேறும். மறுபடி இழுத்தால் படுத்துவிடும்.

"அப்போ எதத்தான் போடறது?" என்று மணிவண்ணன் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

கோரை நடுவில் உட்கார்ந்தபடியே இருவரும் யோசித்தார்கள். தறி வீடுகளில் வைக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி? உயரம் அதிகம், படகு ஆடினால் ஆசிட் கொட்டும். லித்தியம்? எடை கம்மி, ஆனால் சங்கத்தில் இருக்கும் சார்ஜர் அதற்கு ஒத்துவராது. கடைசியில் மணிவண்ணன் தயங்கித் தயங்கி, "பேட்டரி ஆட்டோவுக்குப் போடறது ஒண்ணு கீதும்மா. மூடி தெறக்கவே வேணாம், ஆசிட்டும் கொட்டாது. நாள் பூரா ஆள இழுத்துக்கினு ஓடுது" என்றார்.

"ரோட்ல ஓடறது தண்ணில ஓடுமா சார்?"

"தெரிலம்மா. போட்டுத்தான் பாக்கணும்."

"அப்போ இது கரையில நல்லா கீதுன்னு காட்டிச்சே, அது பொய்யா?"

மணிவண்ணன் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "பொய்யில்லம்மா. நெசமும் இல்ல."

துடுப்பு போட்டே கரை சேர்ந்ததும், கார் பேட்டரியை அவரே திரும்ப எடுத்துக்கொண்டு ஆட்டோ பேட்டரியை அனுப்பினார். தாவீதும் வடிவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, படகின் நடுவில் மீன் கூடைக்குள் இறக்கிக் கயிற்றால் கட்டினார்கள். முதல் நாள் கலங்கல்வரை போய்த் திரும்பினாள். மறுநாளும் போனாள். ஒரு வாரம் போனது. மீட்டர் மெதுவாக இறங்கியது, மோட்டார் நிற்கவில்லை. வலையும் பிய்யவில்லை.

பஞ்சாட்சரம் ஒருநாள் கரைக்கு வந்தார். கூட்டத்தில் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை.

"இன்னா பண்ண, இப்போ இப்டி ஓடுது?"

"இன்னாவோண்ணா, தெரில. கார் பேட்டரி ஓடல, ஆட்டோ பேட்டரி ஓடுது. கடைக்காரரும் இன்னாவோ சொன்னாரு. எனக்குப் பாதிதான் புரிஞ்சிது."

"நானும் ஒரு தபா கலங்கல பாத்துட்டு வரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். நேரே பின்னால் போய் மோட்டார் பக்கத்தில் உட்காரப் போனார். வடிவு ஈரமாக இருந்த முன்பலகையைத் தன் சட்டைக் கையால் துடைத்து, அதை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.