மாயா ராணியின் நாக்கு

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு என் தொலைபேசியில் மகளுடைய பாடசாலையின் இலக்கம் விழுந்தது. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலையாக இருந்த நான், பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும் என்று நினைத்து எடுத்தேன். உதவித் தலைமை ஆசிரியை பேசினார். பிள்ளை சுகமாக இருக்கிறாள், ஆனால் நான் உடனே வரவேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபத்து இருக்கிறதா?"

பஸ்ஸில் ஏறியதும் கணவருக்கு அழைத்தேன். அவரும் அந்நேரம் பஸ்ஸில்தான் இருந்தார், சாரதி இருக்கையில். ஓட்டும்போது தொலைபேசியைத் தொட ஏலாது. "ஸ்கூலுக்கு வாங்கோ. என்னெண்டு தெரியேல்லை. ஷிப்ட் முடிய நேரே வாங்கோ" என்று குரல் செய்தி வைத்தேன்.

அலுவலக அறையில் மேசைமேல் மகளின் கையெழுத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. அவளுக்குப் பத்து வயது. அந்தத் தவணையில் வகுப்பில் மாயா நாகரிகம் படித்தார்கள். மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. காட்டுக்குள்ளே படி வைத்த கோபுரங்கள், கொக்கோவை அரைத்து நுரையோடு குடித்த அரசர்கள், பூச்சியத்துக்குச் சிப்பி வரைந்த கணக்கு. கடைசியில் அந்தக் காலத்தில் நடப்பதாக ஒரு கதை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

மகளின் கதையில் சின்ன இளவரசன் நோயில் கிடக்கிறான். ராணி தன் நாக்கைத் துளைத்து, முள் கட்டிய கயிற்றை அதனூடாக இழுக்கிறாள். இரத்தம் மரப்பட்டைத் தாளில் சொட்டுகிறது. தாளை எரித்தால் எழும் புகையில் முன்னோரின் முகம் தெரியும்.

"இதுவரை பாடத்தில் இருக்கிறது," என்றார் உதவித் தலைமை ஆசிரியை. "இதற்குப் பிறகு வருவது பாடத்தில் இல்லை." அவருடைய விரல் காட்டிய இடத்தைப் படித்தேன். ராணியின் வாயில் எச்சில் நிரம்புகிறது, விழுங்க முடியவில்லை. தாடை நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பெண், என்னைப் பாருங்கள், என்னை மட்டும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று வகுப்பாசிரியை கேட்டிருக்கிறார். என் மகள் ஆங்கிலத்தில் சொன்ன பதில் இது: "ஒவ்வொரு கோடைக்கும் என் அப்பாவின் முகத்தில் குத்துவார்கள். அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பா."

குத்துவதற்கு அவள் பயன்படுத்திய சொல், நாங்கள் வந்து குடியேறிய இந்த நகரத்தில் மாலைச் செய்தியில் கத்தியோடு சேர்ந்து வரும் சொல். அதைக் கேட்ட ஆசிரியை பிள்ளைப் பாதுகாப்புப் படிவம் நிரப்பாமல் இருக்க முடியாது. அவர் செய்தது சரி, அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அந்தச் சொல்லைக் கொடுத்தவள் நான்தான். அதற்கு முந்தின வாரம் குசினி வாசலில் நின்று, "அம்மா, அலகு குத்துறதுக்கு இங்கிலீஷில என்ன?" என்று அவள் கேட்டபோது, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

கோடையில் வரும் முருகன் கோயில் தேர்த் திருவிழாவையும் அலகு குத்துவதையும் விளங்கப்படுத்தினேன். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது தகப்பன் வைத்த நேர்த்திக்கடன் அது என்றேன். மகளுக்கு இது தெரியாது. தெரியாமலே ராணிக்கு ஒரு நோயாளிப் பிள்ளையைக் கொடுத்திருந்தாள். படத்தைக் காட்டினால் இன்னும் விளங்கும் என்று தொலைபேசியை நீட்டினேன். கன்னத்தில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்த வெள்ளி வேல். அதைப் பார்த்த அம்மணியின் முகம் போன போக்கில், காட்டியது பிழை என்று எனக்கு விளங்கியது.

"அவர் விரும்பித்தான் செய்கிறாரா என்று அவரிடமே கேட்க வேண்டும். அதுவரை நீங்களும் மகளும் இங்கே இருங்கள்" என்றார் உதவித் தலைமை ஆசிரியை.

பிள்ளை இன்று என்னோடு வீட்டுக்கு வருவாளா? நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் குற்றமுள்ளவள் போலத் தெரியும் என்று பயந்தேன்.

மகளைக் கூட்டிவந்தார்கள். கதிரையில் என்னோடு ஒட்டி இருந்தாள்.

"அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போவினமோ?"

"இல்லை, குஞ்சு."

"நான் கதையை மாத்துறன். ராணி சும்மா சொக்லேட் குடுக்கட்டும்."

"முன்னோர் என்ன, பேர்த்டே பார்ட்டிக்கே வருகினம்? ஒரு சொல்லும் மாத்தாதை."

என் குரல் அவ்வளவு உறுதியாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பாடசாலையின் இலக்கம் விழுந்தால் எனக்கு இப்போதும் பயம்தான். ஆனால் அந்த வசனங்கள் நல்ல வசனங்கள். தாடை நடுங்கியதை அவள் கண்டிருக்கிறாள், கண்டதை எழுதியிருக்கிறாள். அதற்காக என் பிள்ளை மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

ஐந்து மணிக்குக் கிட்டக் கணவர் வந்தார். சீருடையோடு, வேர்க்க விறுவிறுக்க. அவருடைய கன்னங்களில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் இரண்டு புள்ளிகளை உதவித் தலைமை ஆசிரியை உற்றுப் பார்த்தார். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார்.

"என்னையா?" என்றார் கணவர் தன் ஆங்கிலத்தில். "வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் அழுவது இவள். கேட்காமல் செய்வது நான்."

பதிலை முழுவதும் எழுதி முடித்து, பேனையை மூடி வைத்து, நீங்கள் மூவரும் வீட்டுக்குப் போகலாம் என்றார் அம்மணி.

கணவர் எழும்பவில்லை. தாள்களை இழுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். மகள் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, அவளைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாம் சரி, பிள்ளை. ஒண்டுதான் பிழை. குத்தேக்கை அவ்வளவா நோகாது. கழட்டேக்கைதான் நோகும். அதை மட்டும் மாத்தி எழுது."