நீலம் வந்த நாட்கள்

1959ஆம் வருடம், தை மாதம். அமாவாசைக் கூட்டம் வடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நானும் மனைவியும் எங்கள் பதினோரு வயது மகளும் ராமநாதபுரத்திலிருந்து மாலை ரயிலில் ராமேஸ்வரம் போய் ஒரு சத்திரத்தில் தங்கினோம்.

மகளுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை வியாதி. பிள்ளைகளுக்கு வருகிற வகை. தினமும் இன்சுலின் ஊசி போடாவிட்டால் உயிர் தங்காது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பிழைத்ததற்காக இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதாக மனைவி நேர்ந்திருந்தாள்.

நான் எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன். மழை பெய்த நாள், காற்றுக்காகப் பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற நாள் எல்லாம் என்னிடம் உண்டு. மகளுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். காலையில் அவள் சிறுநீரை நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். நிறம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாற ஆபத்து. நீலம் வந்த நாட்களில் எனக்கே பரீட்சை தேறியதுபோல இருக்கும். இனிப்பு என்ற பேச்சே வீட்டில் கிடையாது. சோறுகூட அளந்துதான்.

ஊசி போட்ட அரை மணிக்குள் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தீர்த்தம் ஆடி முடிக்கும்வரை வெறும் வயிற்றோடு இருப்பதுதான் முறை என்றாள் மனைவி. சாப்பாடுதானே சர்க்கரையை ஏற்றுகிறது, ஒரு வேளை பட்டினி நல்லதுதான் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஊசியை மட்டும் விடவில்லை. ஒரு நாள்கூடத் தவறாத நோட்டு அது. மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்குப் போட்டேன்.

கடலில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் வரிசையில் நின்று நகர்ந்தோம். ஆறாவது கிணற்றில் மகள், “அய்யா, கண்ணு மங்கலாத் தெரியுதுய்யா. பசிக்குது” என்றாள். தண்ணீர் முகத்தில் அடித்ததால் அப்படி இருக்கும் என்றேன். கிணற்றுச் சுவரில் நின்று வாளியில் இறைத்து ஊற்றியவர் குனிந்து பார்த்து, பிள்ளைக்குக் கை நடுங்குகிறதே என்றார். குளிர் என்று சொன்னேன்.

அடுத்த கிணற்றடியில் முன்னால் நின்ற அம்மாளின் பூஜைத் தட்டிலிருந்து மகள் வாழைப்பழத்தைப் பறித்துத் தோலோடு கடித்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அதைப் பிடுங்கி எறிந்தேன். அத்தனை பேர் முன்னிலையில் அவள் கன்னத்தில் அறைந்தேன். அந்த அம்மாள், “பழந்தானே, விடுங்க. பிள்ளைய அடிக்காதீக” என்றார். இவளுக்கு இனிப்பு ஆகாது, அதோடு அடமும் ஜாஸ்தி என்று விளக்கம் வேறு சொன்னேன்.

ஒன்பதாவது கிணற்றில் அவள் கல்தரையில் சரிந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் குதித்து இறங்கி, இடுப்பு மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து விரலால் நுணுக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை வியாதி, கொடுத்தால் செத்துப்போவாள் என்று கத்தினேன்.

“தினம் ரெண்டு பேரு வெறும் வயித்தோட இங்கன விழுகுறாக. அதுக்குத்தான் மடியிலயே வச்சிருக்கேன். கைய எடுங்க சார்.”

நான் எடுக்கவில்லை. மனைவிதான் என் கையை விலக்கினாள். அவர் கருப்பட்டியைப் பிள்ளையின் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் கடிகாரம் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். மகள் கண் திறந்து அம்மாவைத் தேடினாள். மிச்சக் கிணறுகளில் நாங்கள் ஆடவில்லை.

ஊசி போட்டுப் பட்டினி போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், நடுக்கமும் வேர்வையும் மூர்க்கமும் அதன் அடையாளம், அப்போதும் சோதனையில் நீலம்தான் வரும் என்று அந்த வாரமே மதுரை டாக்டர் விளக்கினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ‘அடம்’, ‘காலையில் அடம்’, ‘காரணமில்லாத அழுகை, கண்டித்தேன்’ என்று தேதி வாரியாக என் கையெழுத்து. அநேகமாக எல்லாமே நீலம் வந்த நாட்கள். இரண்டு வருடம் என் பிள்ளை பசியில் நடுங்கியிருக்கிறாள். நான் அதைத் தப்பாமல் பதிவு செய்திருக்கிறேன்.

இப்போது அவளே ஊசி போட்டுக்கொள்கிறாள். பையில் எப்போதும் கருப்பட்டி இருக்கும். அன்று கோயிலில் நான் அறைந்ததைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைய்யா” என்றாள். அது எனக்காகச் சொன்ன பொய்யோ என்னவோ. அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதில் ‘அடம்’ என்று எழுதிய ஒவ்வொரு நாளும், அவள் சாப்பாடு கேட்டு நான் மறுத்த நாளாகத்தான் எனக்குத் தெரிகிறது.