முன்னால் ஒன்பதா, எங்கேயாவது ஒன்பதா

எனக்குத் தெரிந்த எழுத்து கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். ஆனால் எண் தெரியும். மில்லில் பதினாலு வருஷம் நூல் சுற்றியவளுக்கு எண் தெரியாமல் இருக்குமா? ஆளுக்கொரு பித்தளை டோக்கன். என்னுடையது 497. ஒன்பதில் ஆரம்பித்தால் பதிலி ஆள்; நிரந்தரக்காரர் யாராவது வராத நாளில்தான் அவர்களுக்கு வேலை. இது கேட்டில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நாங்கள் பஞ்சுத் தூசியில் வேக, அதற்குக் குளிர் அறை. அதைத் தட்ட லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வருவார். செருப்பை வெளியே விடச் சொல்லுவார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் முசே; புதுச்சேரியில் பிரெஞ்சுத் துரைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் மத்தியான ஷிப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ். கூட வேலை செய்தவள் படித்துச் சொன்னாள்: பதிலி ஆட்களை நிறுத்துகிறார்களாம், கீழே உள்ள எண்காரர்கள் நாளையிலிருந்து வர வேண்டாமாம். கீழே பார்த்தால் 497.

"என்னாக்கா, ஒன்னையும் பதிலி ஆக்கிட்டானுவளா?" என்று சிரித்தாள்.

நேராகக் குளிர் அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா," என்றார் முசே, தலை நிமிராமல்.

"அது பண்ணாது. நீங்க அதுகிட்ட என்னா சொன்னீங்க?"

"ஒன்பது இருக்கிற டோக்கனை எல்லாம் பொறுக்குன்னேன்."

"முன்னால இருந்தாவா, எங்க இருந்தாலுமா?"

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால், வெள்ளையாய் இருப்பதெல்லாம் கல் என்று முறத்தையே காலி பண்ணுகிற ஆள். இவருக்குப் படிப்பு வேறு!

ஒன்பதுக்கு முன்னால் கூரை மாதிரி ஒரு சின்னக் குறி தட்டினார். 'ஆரம்பத்தில் இருந்தால் மட்டும்' என்று அர்த்தமாம். அவ்வளவுதான் வித்தை. நானும், நடுவிலும் கடைசியிலும் ஒன்பது வைத்திருந்த மற்றவர்களும் பட்டியலை விட்டு உதிர்ந்தோம்.

"சரியாயிடுச்சில்ல? போங்க. நாளைக்குக் காலையில புது நோட்டீஸ் ஒட்டிடுவாங்க."

"அதுவரைக்கும் நான் வேலை போனவளா கேட்ல தொங்கணுமா? எழுந்திரிங்க முசே. நீங்களே வந்து கிழிங்க."

காலை ஷிப்டு விட்டு வெளியே வந்த கூட்டம் மொத்தமும் நின்றது. மைதாப் பசை வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. முசே நகத்தால் சுரண்டினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை. கடைசித் துண்டு விழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.