செம்பூருக்குப் போன சாமந்திக் கன்றுகள்

1948 ஜூலை, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. சென்னை மெயில் பம்பாய்த் தாதரில் நின்றதும் எல்லோரும் பெட்டி படுக்கையைத் தேட, நான் என் ஈரச் சாக்கு மூட்டையைத் தேடினேன். உள்ளே இருநூறு சாமந்திக் கன்றுகள். சங்கரன்கோவிலை அடுத்த என் தோட்டத்தில் தங்கைக்காகப் பிடுங்கியவை. வாடிவிடக் கூடாதென்று இரண்டு நாளும் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியெல்லாம் நனைந்தது. ஒருவரும் வையவில்லை, அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

தாராவியில் தங்கை முத்தம்மாள் வீட்டில் தங்கினேன். மாப்பிள்ளை சுடலைமுத்து தோல் கிட்டங்கி வேலையை விட்டு, செம்பூரில் கால் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துச் சாமந்தி போட்டிருந்தார். தீபாவளிக்கு மாதுங்கா பூக்கடைகளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் பூ வந்தால்தான் நிலம் கையில் நிற்கும். இல்லாவிட்டால் பழையபடி தோல்தான்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மூவரும் சயானில் ஏறிக் குர்லாவில் மாறினோம். அங்கிருந்து செம்பூருக்குக் கரி எஞ்சின் வண்டி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தோட்டம் அரை மைல், முழங்கால் சேறு.

மாப்பிள்ளை பாத்தியில் இலைகள் அப்பழுக்கில்லாமல் நின்றன. அவர் குழி போட உள்ளே போக, நான் படலருகிலேயே மூட்டையைப் பிரித்தேன். ஒரு இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் பொடி. இரும்புத் துரு மாதிரி விரலில் ஒட்டிற்று. இன்னொன்றைத் திருப்பினேன், அதிலும் அதே. ஊரில் பிடுங்கும்போதே மேலே வெளிர்ப் பொட்டுகளைப் பார்த்தேன். வெயில் பட்டதென்று விட்டுவிட்டேன், மடையன். நான் தெளித்த தண்ணீரெல்லாம் இந்த நோய்க்குத்தான் விருந்து. ஒரு வரிசையில் வந்தால் ஒரே மாதத்தில் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

எங்கள் வீட்டில் தங்கைக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கமில்லை. மூட்டையை மூடிவிட்டுக் கூப்பிட்டேன்.

“மாப்ளே, மம்பட்டியக் கீழ வையிங்க. கன்ன நானே திரும்ப எடுத்துக்கிடுதேன்.”

முத்தம்மாள் முகம் சுருங்கிற்று. “குடுத்தத வாங்குதியளே அண்ணே. நாங்க என்ன கொறை வச்சோம்?”

விரலை நீட்டினேன். “நோயக் கொண்டாந்துட்டேன் தாயி. துரு.”

மாப்பிள்ளை என் விரலைப் பார்த்தார், பிறகு பாத்தியைப் பார்த்தார். “நட்ட பொறவு சொல்லியிருந்தா நான் எங்க போக, மச்சான்? வாங்க, எரிச்சிருவோம்.”

மழையில் எங்கே எரிப்பது? மூட்டையை இறுகக் கட்டி ஸ்டேஷனுக்கே தூக்கிப் போனோம். நின்றிருந்த எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவரிடம் மாப்பிள்ளை, “பீமார் ஹை, பாய். ஜலா தோ” என்றார், நோய் பிடித்தது, எரித்துவிடு என்று. பூச்செடிக்கும் காய்ச்சலா என்று அவர் இந்தியில் கேட்டுச் சிரித்து, மூட்டையை வாங்கி நெருப்புக்குள் தள்ளினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. தாராவிக்குத் திரும்பிக் குளித்து, வேட்டியைத் துவைத்துப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை ஊருக்கு வண்டியேறத் தாதர் வந்தோம். ஊரில் என் தோட்டம் என்ன கதியோ என்ற கவலையை நான் யாரிடமும் சொல்லவில்லை. முத்தம்மாள் ஒரு பிஸ்கெட் டின்னை நீட்டினாள். அவர்கள் பாத்தியில் எடுத்த இருபது கன்றுகள், மண்ணோடு.

“அங்க ஒங்க தோட்டமும் போயிருக்கும்லா, அண்ணே. புது மண்ணுல வைங்க. தண்ணி வேருக்கு மட்டும், இலையில படப்புடாது.”

முந்தாநாள் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்கே சொன்னாள்.

தங்கையிடம் வாங்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஊர் வந்து பார்த்தால் அவள் சொன்னது சரிதான். பழைய தோட்டத்தில் ஒரு செடி மிஞ்சவில்லை. கிணற்றுக்கு மேற்கே நட்ட அந்த இருபதும்தான் இன்று அரை ஏக்கராகி நிற்கிறது. கன்று கேட்டு வருகிறவர்களிடமெல்லாம், இது என் தங்கை கொடுத்தது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.