பஞ்ச் அடித்த பிறகு

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும். நேரம் பதிகிற பஞ்ச் கார்டில்தான் முடியும். அட்டைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பினால்தான் ஆட்களுக்கு முடியும். ஐந்தரைக்கு வரிசையாகப் போய் பஞ்ச் அடிப்போம். அதற்குள் முதலாளி வீட்டிலிருந்து தேநீரும் மசால்வடையும் வந்திருக்கும். தின்றுவிட்டு லாரியில் ஏற்ற வேண்டியதுதான். அதை யாரும் ஓவர்டைம் என்று சொன்னதே இல்லை. ஒத்தாசை என்றுதான் பெயர். முதலாளியை எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுகிறோம். அண்ணனுக்குச் செய்கிற ஒத்தாசைக்கு யாராவது கூலி கேட்பார்களா?

எனக்குக் கேட்க வேண்டும் போலவே இருந்தது. இயல்பிலேயே பொறுமை இல்லாதவள் நான். வீடு கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ்டவுனில், தினமும் ஃபெரியில் போய் வருகிறவள். லாரி நகராத மாலைகளில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கை கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருக்கும், மனசு ஃபெரித் துறைக்குப் போகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருக்கும். என் கணவருக்கு இரவுக் காவல் வேலை. நான் வீட்டுக்குள் நுழைவதும் அவர் வெளியே கிளம்புவதும் வாசலில் முட்டிக்கொள்ளும். லாரி தாமதமானால் அந்த வாசல் பேச்சும் கிடையாது.

ஒரு நாள் ஃபெரியில் உட்கார மனமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே, போனில் தொழிலாளர் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மலாயில் இருந்தது. ஒரு பத்தி புரிவதற்குள் கரை வந்துவிடும், மிச்சம் மறுநாளைக்கு. சாதாரண நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்பது எல்லோரும் காதில் கேட்டதுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. வேலை நேரம் என்றால் என்ன என்று அதில் சொல்லியிருந்தது. முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கிற நேரம், நம் இஷ்டத்துக்கு எழுந்து போக முடியாத நேரம், அதெல்லாம் வேலை நேரம். பஞ்ச் அடித்தாயா என்ற கேள்வியே அந்த இடத்தில் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக வடை தின்று ஏமாந்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள், என்னோடு கட்டு கட்டுகிற அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட போயி சட்டம் பேசப் போறியா? ஒன் கல்யாணத்துக்கு வேன் குடுத்தவருலா அவரு."

"குடுத்தாரு, இல்லங்கல. அதுக்காக ஆயுசுக்கும் லாரி ஏத்தணுமா?"

"வாய மூடிக்கிட்டு வடையத் தின்னுலா," என்று அக்கா சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் எரிச்சல் போகவில்லை. அன்று மாலை பஞ்ச் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தேன். "எங்கம்மா, அதுக்குள்ள?" என்றார் அண்ணன். அதட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் போயிருப்பேன். அந்த அன்புக்குப் பயந்து திரும்பி வந்து கட்டைத் தூக்கினேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை நல்ல மழை. பெட்டிகள் நனைந்துவிடப் போகின்றன என்ற அவசரத்தில் லாரியின் பின்கதவை யாரோ ஓங்கிச் சாத்தினார்கள். என் வலது கை இடுக்கில் இருந்தது. நான் போட்ட அலறலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. அக்காதான் ஓடி வந்து துணியைச் சுற்றினார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அண்ணன், சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ரத்தம் துணியைத் தாண்டி சீட்டில் இறங்கியது. அதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சிக்னலில் வண்டி நின்றபோது மெல்ல ஆரம்பித்தார்.

"பஞ்ச் அடிச்சப்புறம் நடந்திருச்சு, தங்கச்சி. பெர்கேசோவுல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுலா. செலவெல்லாம் அண்ணன் பாத்துக்கிறேன்."

வேலையில் அடிபட்டவர்களுக்கு இருக்கிற அரசாங்கப் பாதுகாப்புதான் பெர்கேசோ. வீட்டில் அடிபட்டேன் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எதைக் காட்டி அங்கே போய் நிற்பது? விரல் மடங்காமலே போய்விட்டால்? கட்டு கட்டுகிறவளுக்கு விரலை விட்டால் என்ன இருக்கிறது? அண்ணன் எத்தனை மாதத்துக்குப் பார்த்துக்கொள்வார்? அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் கேட்பது? காருக்குள் இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து மழையில் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மலாய் டாக்டர். துணியைப் பிரித்துக்கொண்டே, எங்கே நடந்தது என்று கேட்டார். அண்ணன் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"வேலை இடத்தில்," என்று மலாயில் சொன்னேன்.

"வேலை முடிந்துவிட்டது, டாக்டர். பஞ்ச் அடித்தாகிவிட்டது," என்று அண்ணனும் மலாயில் முந்திக்கொண்டார்.

"பஞ்ச் அடிக்கச் சொன்னவர் இவர்தான். அடித்த பிறகு லாரியில் ஏற்றச் சொன்னவரும் இவர்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்."

பயத்தோடுதான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது. டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லப் போனார்.

திரைக்குள் நாங்கள் இருவர் மட்டும். அண்ணன் குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்.

"என்னம்மா இது? அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட வாயா இப்படிப் பேசுது?"

"கூடப் பொறந்த அண்ணனா இருந்தா மொதல்ல என் கையப் பாத்திருப்பாரு. நான் கத்துனதக் கேட்டு ஓடி வந்தீங்க, வந்ததும் மணியத்தான் பாத்தீங்க, அண்ணே."

அவர் மெல்லக் குனிந்து, துணி பிரித்துக் கிடந்த என் கையைப் பார்த்தார்.