பாயில் குச்சி அடுக்கியவள்

ஓமியோபதி டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஊர்க்கதை கேட்பதுதான் முழுநேர வேலை. மாத்திரை எடுத்துக் கொடுப்பது நடுநடுவே. கிளினிக்காரர்களின் மனைவிமாரே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வராத நோயாளி

சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கிளினிக். இங்கே நோயாளி ஒருவர், வந்து நோயைச் சொல்பவர் வேறொருவர். விஸ்வநத்தத்திலிருந்து ராக்கம்மா அப்படித்தான் வந்தார். மருமகள் செல்விக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவள்.

"ஆளைக் கூட்டி வராம மாத்திரை கேட்டா எப்படி?" என்று எரிந்து விழுந்தேன். கான்வென்ட்டில் படித்ததில் பொறுமை மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ராக்கம்மா சிரித்தார்.

"அவ எங்கன வருவா தாயி? பாயில கெடந்துக்கிட்டே ரெண்டு வெறுங்கையாலயும் குச்சி அடுக்குறா. காய்ச்சல்லயும் அம்புட்டு வேலை நெனப்பு!"

மூடிய சீசா

நானும் சிரித்துக்கொண்டே மாத்திரைச் சீசாவை எடுத்துவிட்டேன். உள்ளேயிருந்து டாக்டர் எழுந்து வந்தார். ஆளை அடையாளம் தெரிகிறதா, வலிப்பு வந்ததா என்று கேட்டார். பெற்ற மகளையே காலையில் யாரென்று கேட்டாளாம். வாய் ஒரு தடவை கோணிற்றாம்.

அவர் என் கையிலிருந்த சீசாவை வாங்கி மூடினார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "மூளைக்காய்ச்சலா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்."

"நம்பி வந்தா நீங்களே கைய விரிக்கீகளே!" என்று ராக்கம்மா அழுதுகொண்டே ஓடினார்.

காய்ச்சல் தலைக்கேறினால் சிலர் போர்வையைப் பிய்ப்பார்கள், சிலர் செய்கிற தொழிலையே படுக்கையிலும் செய்து பிதற்றுவார்கள், அதற்கு இன்ன மருந்து என்று இவர் புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகேன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"புத்தகம் அடையாளம் சொல்லுது. இந்த அடையாளத்தைப் பார்த்தா ஓடணும், உருண்டையை எண்ணிக்கிட்டு நிக்கக் கூடாது."

வந்த பெயரும் வராத பெயரும்

வைரஸ் கிருமியால் மூளை வீக்கம் என்றார்கள் மதுரையில். மூன்று வாரம் படுக்கை. பிழைத்து, ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு செல்வியே வந்தாள். இடது கை நடுங்கியது. சீப்பு, சொம்பு என்று ஒவ்வொரு பெயரையும் தேடித்தான் பிடித்தாள். மதுரை மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே என்று இவர் இரண்டு தடவை சொன்னார். வீட்டு ஆட்களின் பெயராவது ஞாபகம் வந்ததா என்று நான் கேட்டேன்.

"மக பேரு வந்துருச்சுக்கா. அவுக பேருதேன் வரல. வந்தாலும் நான் சொல்லவா போறேன்?"

கொடுக்காத மருந்தால்தான் எங்கள் கிளினிக்குக்கு விஸ்வநத்தத்தில் நல்ல பெயர். கொடுக்கக் கை நீட்டியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.